வலது இறக்கையின் கயிறு

புயல் கரையைத் தொடுவதற்கு முந்தின நாள் மதியம், தரணி இன்னொரு தடவை பழவேற்காடு ஏரிக்குப் பறக்கக் கிளம்பினாள். அவள் கணவன் சுதீர் வேண்டாம் என்றான்.

"இப்பவே பிளேன எடுத்துக்கினு கடப்பாவுக்குப் போயிடு. அங்க நல்ல ஷெட்டு இருக்குது. காத்து நின்னதும் திரும்பி வந்துக்கலாம்."

"ஏரிக்கு மேல பறக்கற பர்மிஷன் இன்னியோட முடியுது மாமா. பூநாரைங்கெல்லாம் சூளூர்பேட்டை பக்கம் வந்து எறங்கியிருக்குதாம். ஒரு மணி நேரம். போட்டோ எடுத்துட்டு வந்து, பெட்ரோல் போட்டுக்கினு நேரா கடப்பா."

சுதீர் கிழக்கே பார்த்தான். மேகம் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. மாந்தோப்புகளில் இலை அசைந்ததே தவிர கிளை அசையவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு விமானத்தின் கயிறுகளை அவிழ்த்தான்.

ஏர்பேட்டுக்கு மேற்கே, மாந்தோப்புகளுக்கு நடுவில், கிழக்கு மேற்காக ஒரு செம்மண் ஓடுதளம். ஒரு தகர ஷெட்டு, ஒரு ஆபீஸ் அறை. திருப்பதியில் இருக்கும் கிரண்குமார் என்பவரின் சின்ன கம்பெனி அது. ஏரியில் பறவை எண்ணுவது, கால்வாய்களைப் படம் எடுப்பது, தோப்புகளை மேலிருந்து அளப்பது என்று வேலைகள் வரும். இருந்தது ஒரே ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரலாம். இறக்கை கூரை மாதிரி தலைக்கு மேலே இருக்கும், சக்கரங்கள் பருத்திருக்கும், வால் தரையில் தாழ்ந்திருக்கும். அதைப் பறக்க வைக்க நூறு மீட்டர் மண் போதும். தரணி அதன் பைலட். புத்தூர்ப் பெண், வயது முப்பத்தொன்று. சுதீர் அதன் மெக்கானிக். நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். இந்த ஓடுதளத்தில்தான் இருவரும் பழகினார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். ஆபீஸில் எல்லார் முன்னாலும் "சுதீர்" என்று கூப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் "மாமா"தான்.

குறைந்த வேகத்தில் எழும்புவதற்காகவே செய்த விமானம் என்பதால் அதற்குக் காற்று ஒரு தொல்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்று இறக்கையில் பட்டால் போதும். எஞ்சின் ஓடுகிறதா, உள்ளே ஆள் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. நிறுத்திய இடத்திலேயே எழும்பப் பார்க்கும். அதனால் சுதீர் அங்கே கால் வைக்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் ஒன்றைத்தான் சொல்வான். கம்பெனி முதலாளிக்குச் சொன்னான், படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சொன்னான், வாட்ச்மேன் ரங்கையாவுக்கு நூறு தடவை சொல்லியிருப்பான்: "அது தூக்க ஆரம்பிச்சிச்சின்னா கைய வுட்டுடணும். பிளேனு போனா வேற பிளேனு."

தரணி சொன்ன ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று. ஏரியில் பூநாரைகள் கரையோரமாக ஒண்டிக்கொண்டு நின்றன, ஆயிரக்கணக்கில். இவ்வளவு கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது வடக்கிலிருந்து காற்று எழுந்துவிட்டது. ஏர்பேட்டை நெருங்கியபோது மேகம் மலை உச்சிகளை மூடியிருந்தது. அந்த மலைகளைத் தாண்டித்தான் கடப்பா.

வயர்லெஸ்ஸில் சுதீரின் குரல் வந்தது. "தரணி, காத்து முழுசா குறுக்கால அடிக்குது. ரன்வேயில எறங்காத. ஷெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற காலி எடத்துல, வடக்கப் பாத்து எறங்கு. நானும் ரங்கையாவும் நிக்கிறோம்."

அவள் அப்படியே செய்தாள். காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பியதும் விமானம் வானத்தில் ஏறக்குறைய நின்றுவிட்டது. கீழே ஷெட்டு நகரவே இல்லை. எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நடக்கிற வேகத்தில், படி இறங்குவது போல இறக்கினாள். சக்கரம் மண்ணைத் தொட்டதும் சுதீர் ஒரு பக்கமும் ரங்கையா மறு பக்கமும் ஓடிவந்து இறக்கையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள். "ஸ்டிக்க வுடாத, உள்ளயே குந்திக்கினு இரு!" என்று சுதீர் கத்தினான். அவர்கள் மூன்று கயிறுகளையும் கட்டி முடிக்கும்வரை, இருபது நிமிஷம், மூக்கு எழும்பிவிடாதபடி, விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் ஸ்டிக்கை அவள் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

இறங்கி வந்தபோது அவனை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை. "மேகம் எறங்கிடுச்சு. கடப்பா போக முடியாது."

"தெரியுது. வுடு. நல்லா கட்டிப் போட்டா நிக்கும்" என்றான் சுதீர்.

போன வருஷப் புயலில் ஷெட்டின் தகரம் பிய்ந்து பறந்ததால் அதற்குள் விமானத்தை விட அவனுக்கு மனமில்லை. வெளியிலேயே கட்டுவது என்று முடிவு செய்தான். இருட்டுவதற்குள் மூன்று பேரும் வேலையை முடித்தார்கள். சக்கரங்கள் பாதி இறங்கும்படி குழி வெட்டினார்கள். வாலைத் தூக்கி ஒரு பெட்டியின் மேல் வைத்து இறக்கையைச் சமமாக்கினார்கள். அப்போதுதான் காற்று அடியில் புகுந்து தூக்காது. இறக்கைகளைத் தூக்கும் காற்றோட்டத்தைக் கெடுக்க, அவற்றின் மேல் நீளவாக்கில் பஞ்சு சுற்றிய மரச்சட்டங்களை வைத்துக் கட்டினார்கள். கயிறுகளின் மறுமுனை, சிமெண்ட் ஊற்றி மண்ணில் பாதி புதைத்த இரும்பு டிரம்களில். சுதீர் மேற்குப் பக்கமும் இரண்டு டிரம் புதைத்தான்.

"அது எதுக்கு?" என்று தரணி கேட்டாள்.

"இப்ப வடக்குலேர்ந்து அடிக்குது. புயலு கரையேறினா காத்து மேற்கால திரும்பும். அப்போ பிளேனையும் திருப்பிக் கட்டணும். பக்கவாட்டுல வாங்கிச்சின்னா தாங்காது."

மறுநாள் காலை ஆபீஸ் அறையின் ஜன்னலில் மூவரும் நின்று பார்த்தார்கள். மழை தரையோடு படுத்து ஓடியது. ஒவ்வொரு வீச்சிலும் விமானம் கயிறுகளை இழுத்து நிமிர்ந்து, மறுபடி அமர்ந்தது. ஒன்பது மணிக்குத் தோப்பில் மூன்று மரங்கள் சாய்ந்தன. கயிறு நின்றது.

பதினொரு மணிக்குக் காற்று குறைந்தது. ரங்கையா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "காலி திருகுத்தோந்தி பாபு. காத்து திரும்புது. மேற்கால வருது."

"இந்த இடைவெளியிலயே திருப்பிடணும். பத்து நிமிஷ வேலை" என்று சுதீர் ரெயின்கோட்டை மாட்டினான். எப்படிச் செய்வது என்று சொன்னான். இடது இறக்கையின் கயிறு அப்படியே இருக்கட்டும். வால் கயிற்றையும் வலது இறக்கையின் கயிற்றையும் அவிழ்க்க வேண்டும். வாலை ரங்கையா தள்ளிக்கொண்டு வர, வலது இறக்கையைச் சுதீர் நடத்திக்கொண்டு போய் புது டிரம்மில் கட்டுவான்.

"நான் உள்ள உக்காந்துக்கறேன். ஸ்டிக்க பிடிக்க ஆளு வேணும்" என்றாள் தரணி.

"வேணாம். ஸ்டிக்க பெல்ட்டால கட்டிட்டேன்."

"கட்டி வெச்ச ஸ்டிக்கு காத்துக்கு ஏத்த மாதிரி திரும்புமா? நேத்து இருபது நிமிஷம் பிடிச்சேனே, இன்னா ஆச்சு? என் வெயிட்டும் உள்ள இருக்கும்."

சுதீர் அவளையே பார்த்தான். யோசிக்க நேரம் இல்லை. நேற்று நடந்ததும் நன்றாகத்தான் நடந்தது. "சரி, ஏறு. பெல்ட்ட போட்டுக்க" என்றான்.

மரச்சட்டங்களைக் கழற்றாமல், மூவரும் சேர்ந்து சக்கரங்களைக் குழியிலிருந்து மேலேற்றி, வாலைப் பெட்டியிலிருந்து இறக்கினார்கள். அவள் உள்ளே ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வால் கயிறு அவிழ்ந்தது. பிறகு வலது கயிறு. சுதீர் அதன் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, குறுக்குக் கம்பியில் தோளைக் கொடுத்து நடந்தான். விமானம் மெதுவாகத் திரும்பியது. புது டிரம்முக்கு இன்னும் நாலு எட்டுதான் இருந்தது.

அப்போது அடித்த காற்று மேற்கிலிருந்தும் இல்லை, வடக்கிலிருந்தும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்து, முன்னறிவிப்பே இல்லாமல், தகர ஷெட்டின் ஒரு பக்கத்தையே பெயர்த்துக்கொண்டு வந்தது. கட்டியிருந்த இடது இறக்கை நின்றது. கட்டாத வலது இறக்கை மேலே கிளம்பியது.

தரணி ஸ்டிக்கை முழுவதும் முன்னாலும் வலப்பக்கமும் தள்ளினாள். ஜன்னல் வழியே சுதீரைப் பார்த்தாள். அவன் கால்கள் மண்ணைவிட்டு ஒரு அடி எழும்பியிருந்தன. அந்த நிமிஷத்தில் விட்டிருந்தால் நின்ற நிலையிலேயே இறங்கியிருப்பான்.

"மாமா, வுட்டுடு!" என்று கத்தினாள்.

"ஒதிலேய் பாபு! ஒதிலேய்!" என்று வாலிலிருந்து ரங்கையாவும் கத்தினார். விட்டுவிடு, விட்டுவிடு என்று அவர் கத்தியது அவளுக்கும் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

சுதீர் கயிற்றை முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இறக்கை இன்னும் மேலே போனது. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். தரணியின் இடது தோளுக்குக் கீழே தரை தெரிந்தது; வலது பக்கம், மேலே, அவன் தொங்கிக்கொண்டிருந்தான். தன் எடையை எல்லாம் கயிற்றில் போட்டு, கால்களை மடக்கி, கீழே இழுத்தான். கவிழவும் இல்லை, இறங்கவும் இல்லை, விமானம் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று பிற்பாடு எல்லாரும் அவளைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை.

காற்று சட்டென்று விட்டது. இறக்கை அவனோடு சேர்ந்து கீழே விழுந்தது. புதைத்து வைத்த டிரம்மின் விளிம்பில் அவன் முதுகு பட்டது.

அவள் பெல்ட்டில் கை வைத்தாள்.

"எறங்காத அம்மா!" என்று ரங்கையா அலறினார். "நீ எறங்கினா பிளேனு பாபு மேல வந்துடும்! பிடிச்சுக்கோ!"

உண்மைதான். வலது இறக்கை இன்னும் கட்டப்படவில்லை. அதற்கு நேர் கீழே அவன் கிடந்தான். அவள் ஸ்டிக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ரங்கையா ஓடிவந்து, சுதீரின் முன்கையிலிருந்து கயிற்றைப் பிரித்து எடுத்து, டிரம்மின் வளையத்தில் நுழைத்து முடிச்சுப் போட்டார். ஈரத்தில் அவர் கை வழுக்கியது. மறுபடி போட்டார். பிறகு வால் கயிற்றுக்கு ஓடினார். அத்தனை நேரமும் கதவின் கண்ணாடிக்கு அப்பால் இரண்டடி தூரத்தில் சுதீரின் முகம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்டிக்கை மட்டும் விடவில்லை.

ரேணிகுண்டா சாலையில் மரங்கள் விழுந்திருந்தன. ஏர்பேட்டு ஆட்கள் அரிவாளும் ரம்பமுமாக வந்து வழி எடுத்துக் கொடுத்தார்கள். சுதீரைக் கதவுப் பலகையில் கிடத்தி, ஒரு டிராக்டரிலும் பிறகு ஆம்புலன்ஸிலும் ஏற்றி, திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது. முதுகெலும்பு உடைந்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருந்தது.

ஐந்து நாள் இருந்தான். மூன்றாவது நாள் காலையில் நன்றாகவே பேசினான். அவன் அம்மா கமலம்மா நகரியிலிருந்து வந்து, வார்டுக்கு வெளியே பெஞ்சிலேயே கிடந்தார். அவர் காபி வாங்கப் போயிருந்த நேரம்.

"பிளேனு இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. நொறுங்கிப் போயிற்று என்று சொல்லலாமா என்று நினைத்தாள். நொறுங்கியிருக்க வேண்டும் என்று மூன்று நாளாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் ஆவல. எறக்க நுனியில கீறல், அவ்ளோதான்."

"கயிறு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

அவன் சிரித்தான். வேலை சரியாக முடிந்த சாயங்காலங்களில் கை துடைத்துக்கொண்டே சிரிக்கிற அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏன் வுடல? ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே. உனக்கு மட்டும் காது கேக்கலயா? ஏன் மாமா வுடல?"

அவன் கூரையைப் பார்த்தான். வாய் காய்ந்திருந்தது. ஈரப்பஞ்சால் உதட்டைத் தொட்டாள்.

"வுட்டுட்டா... நீ?" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பிறகு மின்விசிறி சத்தம் போடுகிறது, பேரிங் போயிருக்கும், யாரிடமாவது சொல் என்றான். கமலம்மா காபியோடு வந்தார். அன்று மதியம் காய்ச்சல் ஏறியது. ஐந்தாம் நாள் விடியும்போது போய்விட்டான்.

விபத்தைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு அதிகாரி வந்தார். தரணி நடந்ததையெல்லாம் எழுதினாள். கடைசியில், 'கட்டாத விமானத்துக்குள் பைலட் உட்கார்ந்திருந்தது தவறு. உட்காருவேன் என்று சொன்னது நான்' என்று எழுதினாள். கிரண்குமார் படித்துவிட்டு, "அந்த லைனு எதுக்கம்மா? காத்து அடிச்சுதான் நடந்துச்சு. எல்லாருக்கும் தெரியுமே" என்றார். அவள் அந்த வரியை அடித்து நீக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் நகரியில் நடந்தது. வந்தவர்கள் போனபின், கமலம்மா தறி அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தறிகளை அன்று ஓட்டவில்லை. தரணியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். ரங்கையா அன்னிக்கு ஆஸ்பத்திரியில யாருகிட்டயோ சொல்லிக்கினு இருந்தான். வுட்டிருந்தா பொழைச்சிருப்பான்னு. நெசமா?"

"நெசம்தான் அத்தே."

"காத்து இழுத்துக்கினு போயிடுச்சுன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"இல்ல அத்தே. முதல்லயே வுட்டிருக்கலாம். நான் உள்ள இருந்தேன். அதனாலதான் வுடல. அவரு வேணாம்னாரு. நான்தான் ஏறி உக்காந்தேன். அதுக்கு முந்தின நாளே கடப்பாவுக்குப் போன்னாரு. அதையும் நான் கேக்கல."

சொல்லத் தேவையில்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். கமலம்மா அவளைத் திட்டவில்லை. முந்தானையால் ஸ்டூலுக்குப் பக்கத்திலிருந்த நூல் கண்டுகளின் தூசியைத் துடைத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

"துன்னுட்டு கெளம்பு. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலேயே, "கொஞ்ச நாளு இந்தப் பக்கம் வராத அம்மா. உன் மேல கோவம் இல்ல. ஆனா உன்னப் பாத்தா எனக்கு அவன் தொங்கறதுதான் தெரியும்" என்றார்.

தரணி சாப்பிட்டாள். இலையில் வைத்ததையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். பஸ் புத்தூரைத் தாண்டியபின்தான் அழுதாள்.

நாலு மாதம் அவள் பறக்கவில்லை. ஏப்ரலில் திரும்பி வந்தாள். ஏன் என்று அவள் அம்மா கேட்டார். வேறு எங்கும் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிரண்குமார் புதிதாக ஹரிபாபு என்ற மெக்கானிக்கை வைத்திருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எஞ்சின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் தரணி எழுந்து வெளியே போய்விடுவாள். பறக்கும் நேரத்தில் மட்டும் எந்த நினைப்பும் வருவதில்லை. இறங்கி, சக்கரம் மண்ணைத் தொட்டதும், ஓடிவந்து கம்பியைப் பிடிக்கிற ஆளைக் கண் தேடும். அந்த ஒரு நொடியைத் தாண்டுவதற்கு ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மே மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்குத் தெற்கே வானம் கறுத்தது. கோடைக் காற்று. ஹரிபாபு லீவில் இருந்தார். தரணியும் ரங்கையாவும் விமானத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி, மூன்று கயிறும் கட்டி, சட்டங்களை வைத்துவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்கள். வலது இறக்கையின் கயிற்றை ரங்கையாவே கட்டினார். அவள் கேட்கவில்லை, அவராகவே அந்தப் பக்கம் போனார்.

புழுதி ஓடுதளத்தை மறைத்தபோது அவள் போன் அடித்தது. கமலம்மா. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"நகரியில காத்து பேயா அடிக்குது. கரண்டு போயிடுச்சு. அங்க எப்டி?"

"இங்கயும் வந்துடுச்சு அத்தே."

"நீ எங்க இருக்க?"

"ஆபீஸ் ரூம்புல."

"உள்ளயா?"

"உள்ளதான் அத்தே. ரங்கையாவும் கூடத்தான் இருக்காரு."

"பிளேனு?"

"வெளிய. கட்டியாச்சு."

"பிச்சிக்கினு போனாலும் போவட்டும். நீ வெளிய போவாத."

"போவல."

கமலம்மா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் தறி ஓசை இல்லாத வீட்டில் ஏதோ ஒரு கதவு அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தரணி ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இருவரும் ஒருவர் அழுவதை மற்றவர் கேட்டபடி இருந்தார்கள்.

வெகுநேரம் கழித்துக் கமலம்மா, "காத்து நின்னதும் சொல்லு. அப்புறம் போன வெச்சிடறேன்" என்றார்.

"சரி அத்தே."

மழை நாலு தூறலோடு போயிற்று. புழுதி அடங்கியது. ரங்கையா கதவைத் திறந்து வெளியே போய், கயிறுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார். மாந்தோப்பில் ஒரு இலைகூட அசையவில்லை. காற்று நின்றுவிட்டது என்று தரணி சொல்லவில்லை. போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.